முதல் புலி: முதுமலையா, கபினியா, தடோபாவா?

“மச்சான், பசங்களுக்கு ஒருக்கா புலியக் காட்டிப்போடோணும்ங்க. கூண்டுக்குள்ள இருக்கறது வேண்டாம், காட்டுல. எங்க போனா உறுதியாப் பாக்கலாம்?”

திருப்பூரிலிருந்து தங்கை வீட்டுக்காரர் போனில் கேட்டார். லீவு கிடைத்தால் காட்டுக்கு ஓடுகிறவன் என்று பெயர் வாங்கியிருப்பதால் குடும்பத்தில் இந்தக் கேள்வி என்னிடம்தான் வந்து நிற்கும். “உறுதியா”ங்கறத மட்டும் எடுத்துட்டுத் திரும்பக் கேளுங்க மாப்ள என்றேன். உறுதி வேண்டுமென்றால் வண்டலூர் இருக்கிறது. மத்தியானம் போனாலும் புலி இருக்கும். படுத்திருக்கும், அவ்வளவுதான்.

அவருடைய நிலவரம் இது. மே மாதப் பள்ளி விடுமுறை. கம்பெனியை விட்டு நான்கு நாளுக்கு மேல் நகர முடியாது. பையனுக்குப் பன்னிரண்டு வயது, பெண்ணுக்கு எட்டு. அத்தை, அதாவது அவருடைய அம்மா, அறுபத்தெட்டு வயதில் நானும் வருவேன் என்கிறார். பணம் ஒரு பிரச்சினையில்லை என்று முதலில் சொன்னார். கர்நாடகத்தில் இருக்கும் கபினியில் தங்கும் செலவைச் சொன்னதும் குரல் கொஞ்சம் இறங்கியது.

போனில் சொல்லி முடியாத விஷயம். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கோயம்புத்தூர், சேலம், மதுரை என்று எங்கிருந்து கிளம்புகிறவருக்கும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

முதலில் எல்லோரும் விழும் குழி. இணையத்தில் தேடினால் எந்தக் காட்டில் எத்தனை புலி என்ற பட்டியல் வரும். 2022 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் ஏறத்தாழ 3,682 புலிகள். மத்தியப் பிரதேசத்தில் 785, கர்நாடகத்தில் 563, மகாராஷ்டிரத்தில் 444, நம் தமிழ்நாட்டில் 306. காப்பகவாரியாகப் பார்த்தால் பந்திப்பூரில் 150, கபினியை உள்ளடக்கிய நாகரஹொளேயில் 141, முதுமலையில் 114, தடோபாவில் 97, சத்தியமங்கலத்தில் 85. மாப்பிள்ளையும் இதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். “தடோபாவ விட முதுமலையில புலி சாஸ்திங்களே, அப்பறம் எதுக்கு மகாராஷ்டிரா போறது?”

நியாயமான கேள்வி. ஆனால் காட்டில் இருக்கிற புலி வேறு, கண்ணில் படுகிற புலி வேறு. முதுமலைக்கு ஏழு முறை போயும் வனத்துறை வேனிலிருந்து ஒரு புலியின் வாலைக்கூட நான் பார்த்ததில்லை. தடோபாவில் முதல் நாள் சாயங்காலமே பார்த்தேன். இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் காரணங்கள் பெரும்பாலும் தண்ணீரிலும் புதரிலும் இருக்கின்றன.

முதுமலைக்குள் மாயாறு ஓடுகிறது. கோடையிலும் அங்கங்கே தண்ணீர் கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட குட்டைக்கு வந்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் புலிக்கு இல்லை. தடோபாவில் மே மாதம் பெரும்பாலான ஓடைகள் வறண்டுவிடும். மிச்சமிருக்கும் ஏரிகளும் குட்டைகளும் எவை என்பது கைடுக்குத் தெரியும், புலிக்கும் தெரியும். அடுத்தது புதர். முதுமலையில் சாலையோரம் முழுக்க உண்ணிச்செடி. ஆள் உயரத்துக்கு அடர்ந்து கிடக்கும். இது போதாதென்று மஞ்சள் பூக்கும் இன்னொரு அந்நிய மரம் பரவி, அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலை நடக்கிறது. பத்தடி உள்ளே புலி படுத்திருந்தாலும் நமக்குத் தெரியாது. தடோபாவில் தேக்கு இலை உதிர்த்துவிட்டால், மூங்கில் புதர்களை விட்டால், காடு வெட்டவெளியாகிவிடும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. தடோபா, ராஜஸ்தானின் ரந்தம்பூர் போன்ற இடங்களில் சுற்றுலாப் பாதையோரம் வாழும் புலிகள் குட்டியாக இருக்கும்போதே ஜிப்சி என்கிற திறந்த ஜீப்களைப் பார்த்து வளர்ந்தவை. அம்மா பயப்படாததைக் குட்டியும் பயப்படுவதில்லை. வண்டி அவற்றுக்கு ஒரு சத்தம் போடும் பாறை. முதுமலையில் சஃபாரி ஓடும் பகுதி சின்னது, நேரமும் குறைவு. புலி இஷ்டப்பட்டால் ஆயுசுக்கும் வண்டி கண்ணில் படாமல் இருந்துவிடலாம். அப்படித்தான் இருக்கிறது. காட்டுக்கு அது நல்லது. நமக்குத்தான் நஷ்டம்.

அதற்காக முதுமலை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். புலிக்காக முதுமலை போகாதீர்கள் என்பதுதான் என் பேச்சு. செலவு மிகக் குறைவு. தெப்பக்காட்டில் வனத்துறை வேனில் டிக்கெட் எடுத்து ஏறினால் யானை, காட்டெருமை, கடமான், புள்ளிமான் கூட்டம், மயில் என்று குழந்தைகளுக்குக் குறையே இருக்காது. அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய்க் கூட்டம். என்னைக் கேட்டால் செந்நாய் வேட்டைக்கு ஓடுவதைப் பார்ப்பது தூங்கும் புலியைப் பார்ப்பதைவிடப் பெரிய காட்சி. சாயங்காலம் யானைகள் முகாமில் கேழ்வரகுக் களியும் சோறும் கவளமாக உருட்டி யானைக்கு ஊட்டுவதைப் பார்க்கலாம். எட்டு வயதுப் பெண்ணுக்கு அது போதும் என்பது என் அனுமானம். பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் போதாது. அவன் புலி என்று முடிவெடுத்துவிட்டான்.

போகிறவர்கள் கவனிக்க: நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கலாம் என்று கூகுள் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், விபத்துகள் அதிகம் நடந்த பாதை. வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை, கூடலூர் சுற்றித்தான் வரவேண்டும். காடு காய்ந்து தீ பயம் வந்தால் சஃபாரியை நிறுத்திவிடுவதும் உண்டு.

இன்னொரு விஷயம். மசினகுடி, கூடலூர்க்காரர்களிடம் போய் “புலி பாக்க வந்தோம்” என்று சிரித்துக்கொண்டு சொல்லும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2021ல் டி23 என்று எண்ணிட்ட புலி நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டு, வாரக்கணக்கில் தேடி, அக்டோபர் 15ஆம் தேதி மசினகுடி அருகே மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அந்த நாட்களில் மாடு மேய்க்கப் போகாமல் வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்குப் புலி என்பது வேறு சொல்.

அப்புறம் பந்திப்பூர். முதுமலையின் பக்கத்து வீடு. 1973ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்று. ஜீப் சஃபாரியும் உண்டு, பஸ் சஃபாரியும் உண்டு. முதுமலையைவிட வாய்ப்பு கூடுதல், கபினியைவிடக் குறைவு என்பது என் அனுபவம். இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் இதைப்பற்றி அதிகம் சொல்லவில்லை. ஊட்டிக்குப் போகிற வழியில் ஒரு இரவு தங்குகிறவர்களுக்குச் சரி.

கபினிக்கு வருவோம். இந்தக் குடும்பத்துக்கு இதுதான் சரி என்று எனக்கு முதலிலேயே தோன்றிவிட்டது.

கபினி அணை 1974ல் கட்டி முடிந்தது. மழைக்காலத்தில் நிரம்பி நிற்கும் நீர்த்தேக்கம் மார்ச்சிலிருந்து வற்றிக்கொண்டே வரும். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, காய்ந்த காட்டுக்கு நடுவில் பச்சைப் புல்வெளி வெளிப்படும். சுற்றுவட்டார யானைகளெல்லாம் அங்கே கூடும். மான்கள் கூடும். மான் கூடினால் புலி தூரத்தில் இருக்காது. பள்ளி விடுமுறை வருவதும் கபினி உச்சத்தில் இருப்பதும் ஒரே மாதத்தில். தடோபாவிலும் அப்படித்தான், ஆனால் அது இருக்கும் சந்திரபூரின் வெயிலைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இங்கே படகு சஃபாரியும் உண்டு. கரையில் மேயும் யானைக்கு எதிரே எஞ்சினை அணைத்துவிட்டு மிதப்பது அத்தைக்கு ஜீப்பில் குலுங்குவதைவிட நிச்சயம் பிடிக்கும். ஆனால் புலி வேண்டுமென்றால் படகை ஒரு முறைக்கு மேல் எடுக்காதீர்கள். மீதி எல்லாம் ஜீப்பிலேயே போகட்டும்.

போகிற வழியும் சுலபம். சத்தி, திம்பம், சாமராஜநகர், நஞ்சன்கூடு வழியாக காரில் ஐந்தாறு மணி நேரம். திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளில் அத்தைக்கு வாந்தி வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இரவில் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள் என்பதால் காலையில் கிளம்புங்கள். இடையில் ஒன்று: திம்பம் தடுப்புச் சுவரில் புலி உட்கார்ந்திருக்கிறது என்று வாட்ஸப்பில் வருகிற படங்களில் இருப்பது சிறுத்தை. நம் ஊர்களில் “புலி பாத்தேன்” என்பவர்களில் பாதிப்பேர் பார்த்தது சிறுத்தைதான். உடம்பில் பூப்பூவாகப் புள்ளி இருந்தால் சிறுத்தை, கோடு இருந்தால் புலி. பையனுக்கு இது தெரியும், மாப்பிள்ளைக்காகச் சொல்கிறேன்.

கபினியின் குறைகள் இரண்டு. ஒன்று செலவு. இந்த ஒப்பீட்டில் தங்குமிடத்துக்கு அதிகம் வாங்குவது இங்கேதான். வனத்துறையின் தம்மனகட்டே வாயிலிலிருந்து போகும் சஃபாரியில் செலவு குறையும், ஆனால் டிக்கெட்டுக்கு அடித்துப்பிடிக்க வேண்டும். இரண்டாவது குறை கொஞ்சம் தீவிரமானது. 2025 நவம்பரில், சரகூர் வட்டாரத்தில் புலி தாக்கி விவசாயிகள் இறந்தபின், நாகரஹொளேயிலும் பந்திப்பூரிலும் சஃபாரியையே கர்நாடக அரசு நிறுத்தியது. இப்படி ஒரு உத்தரவு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதை மனதில் வையுங்கள். பணம் கட்டும் முன் சஃபாரி ஓடுகிறதா, நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். நான் ஒரு முறை வேறொரு காட்டில் இதைக் கேட்காமல் பணம் கட்டிவிட்டு, இரண்டு நாள் விடுதி ஜன்னல் வழியாகக் குரங்கு பார்த்துவிட்டு வந்தேன்.

இப்போது தடோபா.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டம். கோண்டு மக்களின் தாரு என்ற தெய்வத்தின் பெயரிலிருந்து வந்த பெயர். தாரு ஊர்த்தலைவனாக இருந்து புலியோடு மோதி இறந்தவன் என்பது அவர்கள் கதை, ஏரிக்கரையில் அவனுக்குக் கோயில் உண்டு. புலியோடு மோதி இறந்தவர்களுக்கு நட்ட நம் ஊர்ப் புலிகுத்திக் கற்களை நினைத்துக்கொண்டால் கதை சட்டென்று விளங்கும்.

நான் போனது மே மாதம். மத்தியான சஃபாரிக்கு மோஹர்லி வாயிலில் நின்றபோது ஜிப்சியின் கம்பியைத் தொட முடியவில்லை, அப்படிச் சுட்டது. தலையில் நனைத்த துண்டு, மூக்கில் புழுதி. செல்பேசியை வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கைடு ஒரு பெண், பக்கத்துக் கிராமத்துக்காரர். சுற்றியடிக்காமல் நேராக ஒரு குட்டைக்குக் கூட்டிப்போய் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். எனக்கோ பொறுமை போய்விட்டது. மற்ற வண்டிகள் சுற்றிக்கொண்டிருக்க நாம் மட்டும் தவளைக் குட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மந்திகள் திடீரென்று மரமேறின. ஒன்று இருமுவது போலக் கத்தியது. கைடு விரலை மட்டும் உயர்த்தினார். எங்களுக்கு இடப்பக்கம், காய்ந்த மூங்கில் இலைகள் மேல், கொஞ்சமும் சத்தமில்லாமல் ஒரு பெண்புலி வந்தது. வந்த வேகத்தில் தண்ணீரில் இறங்கும் என்று நினைத்தேன். கரைக்கு வந்ததும் எங்களைப் பார்த்துத் திரும்பியது. பின்னங்கால்களை முதலில் தண்ணீரில் வைத்து, பின்பக்கமாகவே மெல்ல மெல்ல இறங்கி, நெஞ்சு வரை முங்கி உட்கார்ந்தது. வயசான ஆள் ஆற்றில் இறங்குவது மாதிரி. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டது. புலிகள் இப்படித்தான் பின்பக்கமாக இறங்கும் என்று படித்திருக்கிறேன். ஆனாலும் பார்த்தபோது சிரிப்பு வந்தது. அவ்வளவு பெரிய விலங்கு, அவ்வளவு ஜாக்கிரதை.

ஐந்து நிமிடம் அந்தச் சுகம். அப்புறம் வண்டிகள் வந்தன. எண்ணினேன், எங்களோடு சேர்த்துப் பதினான்கு. ஒருவர் இருக்கை மேல் ஏறி நின்றார். ஒருவர் முன்னால் போ, முன்னால் போ என்று டிரைவரை விரட்டினார். காட்டு விலங்கிலிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அந்த விதியை மதித்தது புலி மட்டும்தான், அது அசையவே இல்லை. இருபது நிமிடம் கழித்து எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தது. இரண்டு காதுகளின் பின்புறமும் வெள்ளைப் பொட்டு. போகும்போதும் அது நம்மைப் பார்த்துக்கொண்டே போவது மாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் கைடிடம் கேட்டேன், இங்கே பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பயமில்லையா என்று. இலுப்பைப் பூவும் பீடி இலையும் பொறுக்குவது இந்த மாதங்களில்தான், விடிகாலையில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அடிபடுகிறார்கள் என்றார். சொல்லிவிட்டு அடுத்த திருப்பத்தில் ஒரு பருந்தைக் காட்டினார்.

தடோபாவின் கணக்கு இப்படி. கேரளா எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நின்று, சந்திரபூருக்குப் பக்கத்து ஸ்டேஷனான பல்லார்ஷா வழியாகத்தான் நாக்பூர் போகிறது. கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். பல்லார்ஷாவில் இறங்கினால் காட்டு வாயிலுக்கு வாடகை வண்டி. நான்கு நாளில் போக ஒன்று, வர ஒன்று. மீதி இரண்டு நாளில் காலை, மாலை என்று நான்கு சஃபாரி கிடைக்கும். செவ்வாய்க்கிழமை காட்டுக்கு விடுமுறை, அது நடுவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிப்சியில் ஆறு பேர், எனவே குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் அடங்கும். சஃபாரிக்கு ஆயிரக்கணக்கில் ஆகும், தங்குமிடம் கபினியைவிட மலிவாகக் கிடைக்கும். பல வாரங்கள் முன்பே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவில் கொடுத்த அடையாள அட்டையின் அசலைக் கொண்டுபோக வேண்டும். பேரில் ஒரு எழுத்து மாறினாலும் வாயிலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். நம் ஊர் இனிஷியல் விவகாரம் அவர்களுக்குப் புரியாது.

வெயில்தான் சிக்கல். நாட்டிலேயே அதிகம் கொதிக்கும் ஊர்களில் சந்திரபூர் ஒன்று, மே மாதம் 45 டிகிரி சாதாரணம். திறந்த ஜிப்சியில் மத்தியானம் மூன்று மணி நேரம். அத்தையை அதில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெண்ணுக்கும் கஷ்டம். சரி, வேறு விடுமுறையில் போகலாமே என்றால், காலாண்டு விடுமுறை முடியும் நேரத்தில், அக்டோபர் முதல் தேதிதான் கோர் என்கிற காட்டின் உட்பகுதியைத் திறப்பார்கள். மழை முடிந்து புல் ஆளை மறைக்கும். அரையாண்டு விடுமுறை கிறிஸ்துமஸ் கூட்டத்தோடு மோதும். நாட்டில் பாதிப்பேர் அப்போது அங்கேதான் இருப்பார்கள், காலையில் ஜிப்சியில் பல் கிட்டும் குளிர் வேறு. பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு நல்ல சஃபாரி மாதமும் நல்ல வானிலையும் ஒன்றாக வாய்ப்பது அபூர்வம். பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் பரீட்சைக்குப் போய்விடுகின்றன.

ரந்தம்பூரைப் பற்றி நானாக ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் எங்கேயோ யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்டாராம், அங்கே கோட்டைக்குள் முக்கண் விநாயகர் கோயில் இருக்கிறதாமே என்று. இருக்கிறது. கோட்டை, ஏரி, இடிந்த மண்டபம், அதன் படியில் புலி என்று படம் எடுப்பவர்களுக்கு அதைப்போல் இன்னோர் இடம் இல்லை. 2016ல் இறந்த மச்லி என்ற பெண்புலி அந்த ஏரிக்கரையில்தான் உலகப்புகழ் பெற்றது. ஆனால் சவாய் மாதோபூர் வரை ரயிலில் போகவே ஒன்றரை நாள். மண்டலத்துக்கு மண்டலம் வாய்ப்பு மாறும், நமக்கு எது விழும் என்பது பாதி லாட்டரி. ஜிப்சி கிடைக்காமல் இருபது பேர் உட்காரும் கேன்டரில் போனால், புலி வந்ததும் இருபது பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள். நான்கு நாள் விடுமுறைக்கு இது ஆகாது. விமானத்தில் ஜெய்ப்பூர் போய் அங்கிருந்து சாலை வழியே போனால் முடியும், ஆனால் அந்தச் செலவுக்குக் கபினியே மலிவு.

மற்றவற்றை வேகமாகத் தாண்டுகிறேன். தேக்கடியில் படகு அழகு, புலி அபூர்வம். பரம்பிக்குளம், டாப்சிலிப் இரண்டும் எனக்கு உயிர், ஆனால் அங்கே புலி கேட்பது சாமியாரிடம் பிரியாணி கேட்பது மாதிரி. களக்காடு முண்டந்துறை அதைவிட. சுந்தரவனத்தில் படகிலேயே நாட்கள் போகும், சேற்றில் பதிந்த தடம் மட்டும் காட்டுவார்கள். மத்திய இந்தியாவின் கன்ஹா, பாந்தவ்கர், பெஞ்ச் மூன்றும் தடோபாவின் வரிசையில் வைக்கத் தகுந்தவை. தெற்கிலிருந்து போகிறவருக்கு ரயில் வசதியில்தான் தடோபா முந்துகிறது.

இனி கணக்கு. எந்தக் காடு என்பதைவிட எத்தனை சஃபாரி என்பது முக்கியம், ஆனால் யாரும் அதைத் திட்டமிடுவதில்லை. என் மனக்கணக்கு இது, புள்ளிவிவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மே மாதத் தடோபாவில் இரண்டு சஃபாரிக்கு ஒன்றில் புலி என்று வையுங்கள். கபினியில் நான்குக்கு ஒன்று. முதுமலையில் இருபதுக்கு ஒன்று என்பதே தாராளம். நான்கு முறை போனால் தடோபாவில் ஒரு தடவையாவது பார்க்கும் வாய்ப்பு நூற்றுக்கு 94. கபினியில் 68. முதுமலையில் 18 சொச்சம். ஒரே ஒரு சஃபாரி மட்டும் போய்விட்டு வருவதென்றால் தடோபாவிலேயே பூவா தலையா கதைதான். ஆகவே இரண்டு ஊர் பார்ப்பதற்குப் பதில் ஒரே ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். போகிற வழியில் மைசூர் அரண்மனையும் பார்த்துவிடலாம் என்று தங்கை சொல்லுவாள். கேட்காதீர்கள்.

வண்டிக்குள் இருக்கும்போது ஒன்று. புலியைக் கண்ணால் தேடாதீர்கள், காதால் தேடுங்கள். முதல் முறை போகிறவருக்குப் பாறை, மரத்தடி, காய்ந்த சருகு எல்லாம் புலியாகத் தெரியும். வேங்கைப் பூ உதிர்ந்த பாறையைப் பார்த்துப் புலிக்குட்டி என்று பாடிய குறுந்தொகைப் புலவர் சும்மா பாடவில்லை. கைடுகள் “கால்” என்று சொல்வது மான், மந்திகளின் எச்சரிக்கைக் குரலை. புள்ளிமான் எதற்கெடுத்தாலும் கத்தும். மந்தி மேலிருந்து பார்த்துச் சொல்வதால் அதற்குக் கொஞ்சம் மதிப்பு அதிகம். கடமான் கத்தினால், அதுவும் ஒரே இடத்தைப் பார்த்து நின்று திரும்பத் திரும்பக் கத்தினால், வண்டியை அணைக்கச் சொல்லுங்கள். அந்தக் குரல் வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியது மாதிரி இருக்கும். டிரைவர் கிளம்பலாம் என்றால் இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சிக் கேளுங்கள். டிப்ஸை முதலிலேயே பேசாதீர்கள், புலியைக் காட்ட அவசரப்பட்டு வண்டியை அதன் பக்கத்திலேயே கொண்டுபோய்விடுவார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியது ஆகும். தடோபாவில் இருபத்தைந்து நிமிடம் பார்த்த அந்தப் பெண்புலியை என் முதல் புலி என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. இரண்டு வருடம் கழித்து, மசினகுடியிலிருந்து கூடலூருக்குக் காலை அரசுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தெப்பக்காட்டுக்கு முன்னால் ஒரு திருப்பத்தில் டிரைவர் பிரேக் போட்டார். முன்னால் சாலையின் இடப்பக்கமிருந்து வலப்பக்கத்துக்கு ஒரு ஆண்புலி, ஓடவுமில்லை நிற்கவுமில்லை, நம் வீட்டுக் கூடத்தைக் கடப்பது மாதிரி கடந்து, உண்ணிச்செடிக்குள் தலையை நுழைத்தது. உடம்பு போனது, வால் போனது. நான்கு விநாடி இருக்கும். செடி ஆடி நின்றுவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் எழுந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். கண்டக்டர் “புலிங்க” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பின்சீட்டுப் பாட்டிக்குச் சில்லறை எண்ணினார். பேருந்து கிளம்பியது. எனக்குத்தான் கூடலூர் வரை கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் மே மாதம் நான்கு நாள் லீவில் வருகிற குடும்பத்திடம் போய், அந்தப் பேருந்தில் ஏறுங்கள் என்று சொல்ல முடியாது. எட்டாவது தடவையாக முதுமலைக்குப் போனதால் எனக்கு வாய்த்தது அது. பிள்ளைகளுக்கு முதல் புலி தெளிவாக, வெளிச்சத்தில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கிடைத்தால் நல்லது. நான்கு விநாடிப் புலியை அவர்களே பிறகு தேடிக்கொள்வார்கள்.

ஆகவே மாப்பிள்ளைக்கு என் யோசனை: சஃபாரி ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டு கபினி, மே முதல் பாதியில், இரண்டு இரவு. மூன்று ஜீப், ஒரு படகு. மழை முந்திக்கொண்டால் தேக்கம் நிரம்ப ஆரம்பித்துவிடும், அதனால் மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். கர்நாடகத்தில் மறுபடி மூடினால் அத்தையையும் பெண்ணையும் என் வீட்டில் விட்டுவிட்டு, பையனை மட்டும் கூட்டிக்கொண்டு பல்லார்ஷாவுக்கு ரயில் ஏறுங்கள். நானும் வருகிறேன், கூப்பிடாவிட்டாலும் வருவேன்.

நேற்று ராத்திரி போன் வந்தது. கபினிக்குப் பணம் கட்டியாகிவிட்டதாம். பையன் தடோபா வேண்டும் என்று சாப்பிடாமல் படுத்துவிட்டானாம். அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: “அங்க கோயல் ஏதாச்சும் இருக்குதா?” போகிற வழியிலேயே நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் இருக்கிறார், வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.